அண்ணனிடம் சொல்ல

லிஃப்ட் மெக்கானிக் அவர். இருபத்தெட்டு வருடமாக ஊரையே மேலே ஏற்றிவிட்டவர். குடியிருப்பது என்னவோ தரைத் தளத்தில், ஒற்றை அறையில். கல்யாணம் தள்ளிப் போய்த் தள்ளிப் போய், கடைசியில் இல்லாமலே போயிற்று. சொந்தம் என்று இருப்பவர் தூர தேசத்து அண்ணன் ஒருவர்தான்.

ஞாயிறுதோறும் அண்ணன் போன் வரும்.

"சாப்டியா? உடம்பு நல்லா இருக்கா? சரி, வெச்சிடட்டா?"

மூன்று கேள்விக்கும் நம் ஆள் "ம்" என்பார். அந்த மூன்றாவது "ம்" மட்டும் கொஞ்சம் தாமதமாக வரும். சொல்ல நினைத்ததெல்லாம் போனை வைத்த பிறகுதான் வரிசைகட்டி வந்து நிற்கும். அதனால் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் திறந்து, "அண்ணனிடம் சொல்ல" என்று பெயர் வைத்து, ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். 'பக்கத்து அறைக்காரர் காலி செய்துவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம்கூட இல்லை.' 'இன்று என் பிறந்தநாள், மறந்துவிட்டாய்.' 'படியில் விழுந்தேன். முட்டி வீங்கியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.' பதினோரு வருடத்தில் ஒரு வரிகூட அண்ணன் காதுக்குப் போகவில்லை.

முட்டியைப் பற்றி எழுதியதுதான் கடைசி. கம்ப்யூட்டர் கிழடு தட்டிப்போய், பழைய சாமான் கடையில் கொடுத்துவிட்டார். கொடுக்குமுன் அந்த ஃபைலை அழித்தார். குப்பைத்தொட்டிப் படத்தை அமுக்கி அதையும் காலி செய்தார். போதாதென்று திரையை ஈரத்துணியால் வேறு துடைத்தார். அதற்கு மேல் ஒரு மனிதன் என்னதான் செய்வான்?

மூன்றாம் நாள் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் பொத்தான்களைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். காத்து நின்ற இரண்டு பெண்கள், கீழே ஒரு ஆள் இருப்பதையே மறந்து பேசினார்கள்.

"டெலீட் பண்ணிட்டா போயிடுமா என்ன? அவ வித்த பழைய கம்ப்யூட்டர வாங்கினவன் எல்லாத்தையும் திரும்ப எடுத்துட்டானாம்டி!"

கையிலிருந்த திருப்புளி நழுவியது. வேலையை முடித்த கையோடு, நொண்டிக்கொண்டே கடைக்கு ஓடினார். யாரோ ஒருவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தால்? சிரிக்காமல் பாவம் பார்த்தால் இன்னும் மோசம்.

கடையை நடத்துகிறவர் ஐம்பது வயதுப் பெண்மணி. மூக்கு நுனியில் கண்ணாடி.

"என் கம்ப்யூட்டரை வித்துட்டீங்களாம்மா?"

"இல்லண்ணே. நீங்க அழிச்சது அழியல. டெலீட் பண்ணா வீட்டு வாசல்ல பேர்ப்பலகையத்தான் கழட்டும், உள்ள சாமானெல்லாம் போட்டது போட்டபடியே கிடக்கும். அதான் விக்கிறதுக்கு முன்னாடி என்ன மிச்சம் இருக்குன்னு தேடிப் பாத்துட்டு, அது மேல வேற எழுதி மொத்தமா மூடிடுவேன்."

"பாத்தீங்களா?"

கடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு ஃபைல் திறந்துச்சுண்ணே. அடி வரிதான் கண்ணுல பட்டுச்சு. உடனே மூடிட்டேன்."

அவருக்கு மானமே போயிற்று. "அழிச்சிடுங்க. இப்பவே, என் கண்ணு முன்னாடியே."

கடைக்காரம்மா ஒரு பொத்தானை அமுக்கினார். திரையில் ஒரு கோடு, எறும்பு ஊர்கிற வேகத்தில் நகர ஆரம்பித்தது.

"நாலு மணி நேரம் ஆகும். போயிட்டு வேணா வாங்க."

"இல்ல, இருக்கேன்."

கோடு ஊர்ந்தது. பதினோரு வருடமும் பின்னாலேயே அழிந்துகொண்டு வந்தது. கடைக்காரம்மா ஒரு விசைப்பலகையைத் துடைத்தபடி, அவர் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"முட்டி இப்ப எப்படிண்ணே இருக்கு?"

"ம்" என்றார், பழக்கதோஷத்தில். பிறகு ஓரமாகக் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"படி இறங்கும்போதுதான் வலிக்குதும்மா."