தடாலென்று இறங்கிய விமானம்

என் அக்கா லிஃப்ட் மெக்கானிக். ஊர் ஊராகப் போய் லிஃப்ட் குழிக்குள் இறங்கிப் பழுது பார்ப்பவள். மாதம் நாலு தடவையாவது விமானம் ஏறுவாள். இறக்கைக்குச் சற்றுப் பின்னால் ஜன்னல் சீட்டு கிடைத்தால்தான் டிக்கெட் போடுவாள். தரையிறங்குவதைச் செல்போனில் படம்பிடித்து இணையத்தில் ஏற்றுவது அவள் வழக்கம். வீட்டில் அவளுக்கு 'ஜன்னல்' என்றே பேர்.

போன வாரம் அவள் போன இடத்தில் நல்ல மழை. விமானம் தடாலென்று தரையைத் தொட்டது. பக்கத்து சீட்டுக்காரர் முன்சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். படம்பிடித்துக்கொண்டிருந்த அக்காவின் கை ஆடவேயில்லை.

"ஓட்டத் தெரியாத ஆளையெல்லாம் உட்கார வச்சிடறாங்க" என்று பொருமினார் அவர்.

அக்கா எடுத்த படத்தை அங்கேயே போட்டுக் காட்டினாள்.

"சக்கரம் தொட்டதும் இறக்கை மேல தகடெல்லாம் எழுந்திரிக்குது பாருங்க, விமானத்தைத் தரையோட அழுத்தறதுக்கு. தண்ணி நிக்கிற தரையில பூப்போல இறக்கினா சக்கரம் வழுக்கும். அழுத்தி வச்சாத்தான் பிடிக்கும். நான் பழுது பார்த்த லிஃப்ட் இப்படி இடிச்சா என் வேலை போயிடும். இங்க இதுதாங்க சரி."

அவர் இன்னொரு முறை போடச் சொல்லிப் பார்த்தார்.

இறங்கும்போது விமானத்தின் வாசலில் விமானி நின்றிருந்தார். "நல்லா இறக்கினீங்க" என்றாள் அக்கா.

விமானி சிரித்தார். "முன்னாடி போனவங்கல்லாம் முறைச்சிட்டுப் போனாங்க. நீங்க ஒருத்தர்தான் இப்படிச் சொல்றீங்க."

"நானும் அதையேதான் சொல்ல வந்தேன்" என்றது பின்னாலிருந்து பக்கத்து சீட்டுக்காரரின் குரல்.