உதவிக்கு வருபவர்

பேனாவை நீட்டினேன். அஜீஸுன்னிசா அக்கா எழுதவில்லை. அதைத் திருகித் திறந்து உள்ளே இருந்த ஸ்பிரிங்கை வெளியே எடுத்தார். இரண்டு விரல்களுக்கு நடுவே அதை அழுத்தி அழுத்தி விட்டபடி, “இதுல என்னென்ன எழுதணும், வாசி” என்றார்.

ஆடி மாதத்துச் சனிக்கிழமை காலை. குஜிலியம்பாறை போகும் சாலையில் ஒரு பள்ளி மைதானத்தில் திண்டுக்கல் சைக்கிள்காரர்களின் இரண்டு நாள் கூடுகை. பெயர் பதியும் மேசை என் பொறுப்பு. காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொரு தாள் கட்டின் மேலும் ஒரு கல் வைத்திருந்தேன். படிவம் ஆங்கிலத்தில் இருந்ததால் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். அவர் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். வயது முப்பத்தெட்டு. ஊர், திண்டுக்கல் பேகம்பூர். தொழில், மிக்ஸி ரிப்பேர். வாகனம் எது என்றபோது, தான் உட்கார்ந்திருந்த மூன்று சக்கர வண்டியின் கைப்பெடலைத் தட்டிக் காட்டினார். இரண்டு வயதில் போலியோ வந்த கால்கள் பலகையின் மேல் மடங்கியிருந்தன.

அடுத்த கட்டம், உதவிக்கு உடன் வருபவர். கைவண்டியில் வருகிறவர்களுக்கு அது கட்டாயம்.

“அது நாந்தான்க்கா” என்று என்னிடம் சொன்னாள் பின்னால் நின்ற மூத்த மகள் முஹ்சினா. பன்னிரண்டு வயது. படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, தன் பையிலிருந்த பேனாவால் அந்தக் கட்டத்தில் குண்டு குண்டான எழுத்தில் பெயரை எழுதியும் விட்டாள்.

அக்கா ஸ்பிரிங்கைப் பேனாவுக்குள் போட்டுத் திருகினார். மகள் எழுதியதைக் குறுக்கே அடித்தார். “இவ ஓட்ட வந்தவ. ஓட்டுறவங்க பேர்ல போடு.”

அப்படியானால் உதவிக்கு யார் என்று கேட்டேன். யாருமில்லை என்று எழுதச் சொன்னார். அப்படி எழுதினால் சேர்க்க மாட்டார்கள் என்றேன். சேர்க்காவிட்டால் தனியாகப் போவதாகவும், ரோட்டை இவர்கள் ஒன்றும் போடவில்லை என்றும் சொன்னார். முஹ்சினா தணிந்த குரலில், வழியில் மேடு வருமாம் என்றாள். நம் தெருவில் இல்லாத மேடா என்று அதற்கும் பதில் வந்தது. வரிசை நீண்டுகொண்டிருந்தது. அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.

அவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “வாயத் தொறந்து பேசவே இம்புட்டு யோசிக்கிற. நீ எங்கிட்டு என் வண்டியத் தள்ளப் போற?”

அதற்குப் பிறகு அவரைக் கடையில் பல முறை பார்த்துவிட்டேன். பேகம்பூரில் ஒரு சந்து முனையில் வீட்டின் முன்னறைதான் கடை. கம்பியில் கோத்த மிக்ஸி ஜார்கள் தலைக்கு மேலே தொங்கும். யாராவது மிக்ஸியைக் கொண்டுவந்து வைத்து என்ன கோளாறு என்று விளக்கத் தொடங்கினால் கையமர்த்திவிடுவார். வெறுமனே ஓட விட்டு, மேசைப் பலகையின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். “சத்தம் போட்டா பயமில்ல. வாசம் வந்தாத்தான் பயம்” என்பார். பாதி நேரம் கோளாறு மிக்ஸியில் இருக்காது. ஜாரின் அடியில் காய்ந்து ஒட்டியிருக்கும் பழைய சட்னியில் இருக்கும். அதைச் சுரண்டிக் காட்டும்போது அந்த வீட்டுச் சமையலைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார்.

கை சும்மா இருக்காது. ஒரு கையில் டீ டம்ளர் இருந்தால் இன்னொரு கை வண்டியின் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கடகடவென்று செயின் ஓடும். அந்தச் சத்தம் நின்றால் அம்மா தூங்கிவிட்டாள் என்று அர்த்தம் என்பாள் ஆறு வயது சின்ன மகள் சபிஹா. பிள்ளைகளின் அத்தா நான்கு வருடங்களுக்கு முன்பு பிரிந்து போய்விட்டார். அதைப் பற்றி யாராவது துருவினால் ஒரே வாக்கியம்தான்: “நல்ல மனுசன்தான், எங்களுக்குத்தான் ஒத்துவரல.”

கூடுகையிலும் அவரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மேடைப் பேச்சுகள் நடந்தபோது வண்டியை ஓட்டிக்கொண்டு மைதானத்தை நாலு சுற்று சுற்றினார். மதியத்துக்கு முன் சமையல் கொட்டகையில் மிக்ஸி முனகும் சத்தம் அவர் காதில் விழுந்தது. சமையல்காரர் ஆண்டனிராஜ் வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல் அதை மடியில் வாங்கிக் கவிழ்த்து, அடியிலிருந்த தேய்ந்த ரப்பரைப் பிடுங்கிவிட்டு, தன் பைக்குள்ளிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினார். விருந்தாளியாக வந்த இடத்தில் செத்த நேரம் உட்காரக் கூடாதா என்றார் ஆண்டனிராஜ். “நான் எந்நேரமும் உக்காந்துதானே இருக்கேன்” என்றார் அக்கா.

அங்கேதான், ஏன் வந்தார் என்பதையும் சொன்னார். பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவி தன் பேத்தியின் பழைய சைக்கிளை முஹ்சினாவுக்குக் கொடுத்து எட்டு மாதமாகிறது. இரண்டே நாளில் ஓட்டப் பழகிவிட்டாள். ஆனால் தெருமுனையைத் தாண்டியதில்லை. முனைவரை போவாள், திரும்பிப் பார்ப்பாள், வந்துவிடுவாள். அம்மாவின் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போக அவளுக்குப் பயமில்லை. அம்மா தன் கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் பயம். “மதுரை வரைக்கும் போகட்டும்னு சொல்லல. தெருமுனை தாண்டட்டும்னுதான் கூட்டியாந்தேன்” என்றார்.

அன்று மாலை முஹ்சினாவின் வலது கையைக் கவனித்தேன். எங்கே நின்றாலும் அது அம்மாவின் வண்டிக்குப் பின்னாலிருக்கும் கம்பியைத் தேடிப் போகும். ஐந்து வயதிலிருந்து தள்ளுகிற கை. வண்டி பக்கத்தில் இல்லாதபோதுகூட அது முழுதாகக் கீழே தொங்காது. இடுப்புயரத்தில், எதையோ பிடிக்கப் போவதுபோல், லேசாக மடங்கியே இருக்கும். குடும்பங்கள் சேர்ந்து ஓட்டும் நான்கு கிலோமீட்டர் சவாரியில் அவள் சைக்கிளை இடது கையால் ஓட்டினாள். வலது கை அம்மாவின் வண்டிக் கம்பியில் இருந்தது. சபிஹா அம்மாவின் காலடிப் பலகையில் உட்கார்ந்து மணி அடித்துக்கொண்டே வந்தாள். உதவிக்கு வருபவராகப் பெயர் கொடுத்திருந்த எனக்கு எந்த வேலையும் இருக்கவில்லை. அக்கா இரண்டு முறை “கைய எடுடி” என்றார். எடுப்பாள். பத்தடி போவதற்குள் கை திரும்பவும் அங்கேதான் இருக்கும்.

யாரோ படமெடுத்துவிட்டார்கள். சுண்டல் கொடுக்கும் நேரத்துக்குள் எல்லோருடைய செல்போனிலும் அந்தப் படம். முகமது பாரூக் அதைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார். தோல் வியாபாரம் செய்பவர். ஐம்பது வயதில் சைக்கிள் பழகி, இப்போது ஊரையே பழக்கிக்கொண்டிருக்கிறார். கூடுகையை நடத்துபவரும் அவர்தான். மதுரை சைக்கிள்காரர்கள்வரை படம் போய்விட்டதாகவும், நாளை நிறைவு விழாவில் பிள்ளைக்கு ஒரு கேடயம் கொடுக்கப் போவதாகவும் சொன்னார்.

“எதுக்குண்ணே? சைக்கிள் ஓட்டுனதுக்கா, வண்டியத் தள்ளுனதுக்கா?” என்று கேட்டார் அக்கா.

“தள்ளுனதுக்குத்தாம்மா. இந்தக் காலத்துல எந்தப் புள்ள இப்படி…”

“அப்ப வேணாம்ணே.”

மற்றப் பிள்ளைகளுக்கு அவள் ஒரு முன்மாதிரி என்று பாரூக் எடுத்துச் சொன்னார். அக்காவின் கை பெடலை வேகமாகப் பின்னோக்கிச் சுற்றியது.

“நீங்க நல்ல மனசோடதான் சொல்றீங்க. நாளைக்கு அதுக்குக் கேடயம் குடுத்தீங்கன்னா, அப்புறம் அவ அந்தக் கைய எடுக்கவே மாட்டாண்ணே. கட்டிக் குடுத்த வீட்டுல இருந்தும் ஓடியாந்து தள்ளுவா.”

பாரூக் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு, சுண்டல் ஆறிப்போகிறது, சாப்பிடும்மா என்று சொல்லிவிட்டுப் போனார். முஹ்சினா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அங்கேயேதான் நின்றாள். அவள் கை கம்பியிலிருந்து இறங்கியிருந்தது. என் சுண்டலை நான் முடிப்பதற்குள் மறுபடியும் ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரிய சவாரி. பன்னிரண்டு வயது நிரம்பியவர்களுக்கு, போக வர பதினெட்டு கிலோமீட்டர். முஹ்சினாவின் பெயர் அதில் இருந்தது. முந்தின நாள் மாலையே அக்கா வந்து என்னிடம் எழுதச் சொல்லியிருந்தார். மகளுக்கு அது விடிந்த பிறகுதான் தெரியும். தலைக்கவசத்தைக் கொடுத்தபோது அவள் வாங்கவில்லை. அம்மா கழிப்பறைக்குப் போகவேண்டும் என்றால் யார் தூக்குவது, சபிஹா கிணற்றுப் பக்கம் போனால் யார் பிடிப்பது, வாசல் மேட்டில் வண்டி பின்னால் உருண்டால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். பதில்களெல்லாம் தீர்ந்த பிறகு அவள், “நான் வேணாம்னு ஆயிட்டேன்ல உனக்கு?” என்றாள்.

அக்காவின் கை பெடலில் அசையாமல் நின்றதை அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன். சபிஹாகூட நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“போயிட்டு வந்து சண்ட போடு” என்றார் அக்கா கடைசியில். “நான் எங்க ஓடிறப் போறேன்.”

நாங்கள் நின்றிருந்த பள்ளிக்கூட வாசலிலிருந்து சாலை நேராகப் போகிறது. இரண்டு பக்கமும் முருங்கைத் தோட்டங்கள், அவற்றைத் தாண்டினால் வெறும் தரிசு. ஒரு கிலோமீட்டருக்கு எதுவும் மறைக்காது. மேற்கிலிருந்து அடித்த காற்றில் முருங்கை மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தன. நாற்பது பேர் கிளம்பினார்கள். முஹ்சினா நடுவில் கிளம்பி, இருநூறு அடி போய், திரும்பி வந்துவிட்டாள். இறங்கி, ஒரு கல்லைத் தேடி எடுத்து, அம்மாவின் வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்துக் காலால் மிதித்து இறுக்கினாள். யாரிடமும் ஒன்றும் பேசாமல் மறுபடி ஏறிப் போனாள்.

இப்போது அவள்தான் கடைசி. அவளுக்குப் பின்னால் ஆனந்த்ராஜ் மட்டும். யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளக் கடைசியில் வருபவர் அவர். நாலு மிதி மிதித்தால் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். திரும்பும்போதெல்லாம் சைக்கிள் வளைந்து சாலையின் ஓரத்து மண்ணுக்குப் போய் மீண்டது. அக்கா கையை உயர்த்தி, போ போ என்று வீசினார். தூரத்திலிருந்து அது கூப்பிடுவதுபோல் தெரிந்திருக்க வேண்டும். அவள் வேகத்தைக் குறைத்தாள். அக்கா சட்டென்று கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அப்படியும் பயனில்லை. முதல் பாலத்தருகில் முஹ்சினா ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றுவிட்டாள். ஆனந்த்ராஜும் நின்று, ஏதோ சொல்லி, முன்னால் கை காட்டினார். மற்றவர்கள் புள்ளிகளாகிக்கொண்டிருந்தார்கள். அவள் முகம் எங்கள் பக்கமே இருந்தது.

சைக்கிளைப் பிடித்தபடி பக்கத்தில் நின்ற நான், நம்மைப் பார்த்தால் அவள் போகமாட்டாள், மைதானத்துக்குள் போய்விடலாமா என்று கேட்டேன்.

“உள்ள போயிட்டா நான் எப்படிப் பாக்குறது?” என்றார் அக்கா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். சபிஹாவின் தலையைத் தன் மடியில் அழுத்திக் குனியவைத்தார். தன் முக்காட்டையும் இழுத்து இறுக்கிக்கொண்டார்.

“தங்கச்சி, உன் சைக்கிளக் குறுக்க நிறுத்திட்டு, நீயும் எனக்கு முன்னாடி வந்து நில்லு. நான் இடுக்கு வழியாப் பாத்துக்கிறேன். அவளுக்கு நான் தெரியக் கூடாது.”