கிட்டார் முடிகிற இடம்

மாமல்லபுரத்தில் அப்பாவோடு சாப்பிடப் போன ஹோட்டலில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். அப்பாவுக்கு உயிரான பாட்டு.

அணுபுரம் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, இங்கே வரும் வெள்ளைக்காரர்களிடம் ராக் கேசட்டுகளை இரவல் வாங்கி வருவார். இரண்டு டேப் ரெக்கார்டர்களை எதிரெதிரே வைத்துத்தான் பதிவு. ஃபேனை நிறுத்திவிடுவார். வியர்த்து வழிய நானும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்பேன். இந்தப் பாட்டைப் பதிந்த அன்று, அந்த நீளமான கிட்டார் வாசிப்பு முடிகிற இடத்தில் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, கொழம்பு ஆறிப்போவுது."

"பாட்டையே கெடுத்துட்டியேடி."

"அவன் அந்தக் கத்து கத்துறான், நான் பேசினாதான் கெட்டுப்போவுதா?"

எல்லாமே பதிவாகிவிட்டது.

அடுத்த வருஷம் அம்மா போய்விட்டாள். அவள் குரல் வேறு எதிலும் இல்லை. அப்பா அந்த இடத்தையே ரீவைண்ட் பண்ணிப் பண்ணிக் கேட்டார். நாடா தேய்ந்து, சரியாக அங்கேயே அறுந்தது. நெயில் பாலிஷ் வைத்து ஒட்டினார். "இன்னாங்க" மட்டும்தான் மிஞ்சியது. பிறகு அதுவும் தேய்ந்துபோனது.

ஹோட்டலில் பாட்டு கொஞ்சமும் இரைச்சல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கிட்டார் முடிந்தது. யாரும் கூப்பிடவில்லை.

அப்பா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தோ, வரேன்" என்றார்.