அண்ணன் பங்கு மீன்

காரைக்கால்மேட்டு மீனவக் குப்பத்தில் ஒரு பெண் மீன் தின்பதை விடப்போகிறாள் என்றால் ஒன்று அவளுக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும், இல்லை சாமி வந்திருக்க வேண்டும். அஞ்சுகத்துக்கு இரண்டும் இல்லை. அவளுக்குப் புருஷன் வேண்டும், அவ்வளவுதான்.

புருஷன் சுப்ராயன் ஐம்பத்தொன்றாம் வருஷம், அப்போது பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த சைகோனுக்குக் கப்பலேறினான். கடலில் பிழைக்கத் தெரியாதவன் அல்ல. தம்பி வைத்திலிங்கத்தோடு சேர்ந்து சொந்தமாகக் கட்டுமரம் வைத்திருந்தவன். அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கினாலே மாடியும் மனையுமாக வாழலாம் என்று எவனோ ஆசை காட்ட, இரண்டே வருஷம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான். முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது. பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்தது. ஐம்பத்துநாலு தையோடு அதுவும் நின்றது. அங்கே சண்டை என்றார்கள், சண்டை ஓய்ந்தது என்றார்கள். பிரெஞ்சுக் கொடி இறங்கப்போகிறது என்று காரைக்காலே பேசிக்கொண்டிருந்த நாட்களில், துரைமார் போய்விட்டால் சைகோன் கடிதம் எந்த வழியாக வரும் என்பதுதான் அஞ்சுகத்தின் ஒரே கவலை.

அவளுக்கு மீன் என்றால் உயிர். அதிலும் மடவை மீனின் சினை. சுப்ராயன் தன் தட்டில் இருக்கும் சினையை எடுத்து அவள் தட்டில் வைப்பான். எனக்குப் பிடிக்காது என்பான். அவனுக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே வாங்கித் தின்பாள். 

கூடையைச் சுமந்துகொண்டு டவுனுக்கு மீன் விற்கப் போகும்போது, பெருமாள் கோயில் தெருமுனையில் எட்ட நின்று கும்பிடுவாள். அங்கேதான் அந்த யோசனை வந்தது. அவன் திரும்பி வரும்வரை மீனைத் தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்டால் என்ன? விடுவதென்றால் உயிருக்கு உயிரானதைத்தான் விட வேண்டும். கத்தரிக்காயை விட்டேன் என்றால் பெருமாள் திரும்பிப் பார்ப்பாரா? புரட்டாசி முழுக்க யோசித்தாள். நெத்திலி வறுபடும் வாசனையில் பத்துத் தடவை மனசு மாறியது. ஐப்பசி முதல் தேதியன்று, விட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

மேட்டில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுமரம் கரை சேர்ந்ததும், ஏலம் கூறுவதற்கு முன்பே, மரத்தில் பங்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் குழம்புக்கென்று மீன் எடுத்து வைத்துவிடுவார்கள். சுப்ராயன் ஊரில் இல்லாவிட்டாலும் அவன் வீட்டு மீனை வைத்திலிங்கம் ஒருநாளும் நிறுத்தியதில்லை. ‘இது அண்ணன் பங்கு’ என்று தனியாக எடுத்து வைப்பான். அன்று காலை அஞ்சுகம் கரைக்குப் போய், இனிமேல் எனக்கு மீன் வேண்டாம் தம்பி என்றாள். காரணம் சொல்லவில்லை. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று அவளுக்குப் பயம். வைத்திலிங்கம் அவள் முகத்தையே பார்த்தான். அப்புறம் மரத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

அங்கேதான் பிசகிவிட்டாள். மேட்டில் ஒரு வீடு மீன் வேண்டாம் என்று சொல்வது சாவுக்கு மட்டும்தான். பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை அந்த வீட்டு அடுப்பில் மீன் ஏறாது. சைகோனிலிருந்து சேதி வந்துவிட்டது, இவள் வாய்விட்டுச் சொல்லமாட்டாமல் மீனை மறுத்துவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. உச்சிவேளைக்குள் வீடு நிறையப் பெண்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வைத்திலிங்கத்தின் பெண்டாட்டி அமுதம் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். ஒன்றிரண்டு பேர் தாலியைப் பார்த்தார்கள்.

வைத்திலிங்கம் வாசலில் நின்று கேட்டான். “காயிதம் எப்ப வந்துச்சு அண்ணி? எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?”

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. 

“ஒரு காயிதமும் வரல. அவரு இருக்காரு. அந்த மீனக் கொண்டாங்க தம்பி.”

அத்தனை பேரையும் வைத்துக்கொண்டே ஆய்ந்து, குழம்பு வைத்து, தின்றாள். பெருமாளுக்கு எடுத்துச் சொல்லிப் புரியவைத்துவிடலாம். மேட்டுப் பெண்களிடம் அது நடக்காது. ஆனால் வேண்டுதலை முதல் நாளே முறித்துவிட்டோமே, அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது நம்மால்தானே என்ற பயம் அன்றோடு பிடித்துக்கொண்டது.

அதன் பிறகு இரண்டரை வருஷம் அவள் வீட்டில் மீன் இல்லாத நாள் இல்லை. காய்ச்சலிலும் தின்றாள். மழைக்காலத்தில் மரம் இறங்காவிட்டால், தெருக்கோடி வரை மணக்கும்படி கருவாடு சுட்டாள். நிறுத்தினால் ஊர் அவனைக் கொன்றுவிடும். தின்றால் சாமி கோபிக்கும். 

ஐம்பத்தேழு பங்குனியில், திருமலைராயன்பட்டினத்து நாகூர் மீரான் வீடு விசாரித்துக்கொண்டு வந்தார். சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்து, கடையைக் கட்டிவிட்டு ஊர் திரும்பியவர். சுப்ராயன் நல்ல சுகம் என்றார். அரிசி ஆலையில் வேலை. அந்த ஊர்ப் பெண் ஒருத்தியோடு குடித்தனம், இரண்டு பிள்ளைகள். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

“வர மாட்டாரும்மா. வரணும்னு இருந்தா எங்கூடவே வந்திருப்பாரு.”

 “அங்க மீன் கெடைக்குமா பாய்?” என்று கேட்டாள் அவள்.

“ஆத்து மீனு நெறைய கெடைக்கும்மா” என்றார் அவர்.

மறுநாள் காலை அவள் கரைக்குப் போனபோது, வைத்திலிங்கம் அண்ணன் பங்கை எடுத்து வைக்கவில்லை. சேதி அவன் காதுக்கும் போயிருந்தது; முகம் கடுத்திருந்தது.

“அண்ணனத் தலமுழுகிட்டோம் அண்ணி. பதினாறு நாளு மீனில்லாம இருங்க, அதோட ஒழிஞ்சுது. அப்பறம் எம் பங்குலேர்ந்து கடைசிவரைக்கும் நான் குடுக்குறேன்.”

அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஒரு தலையசைப்பில் முடிந்துவிடும். பதினாறு நாள் என்ன, இனி ஆயுசுக்கும் மீன் இல்லாமல் இருக்க அவளால் முடியும். நாக்கு செத்து எத்தனையோ நாளாயிற்று. ஆனால் அந்தப் பாவி முகம் கண்முன்னால் நின்றது. எவளோடு இருந்தால் என்ன, அவன் வேண்டும் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. மானங்கெட்ட மனசு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

“அவரு உசிரோட இருக்காருன்னு நேத்துதான தம்பி நிச்சயமாத் தெரிஞ்சுது. அவர் மீன எடுத்து வைங்க.”

 வைத்திலிங்கம் குனிந்து நாலு மடவையை எடுத்து அவள் சட்டியில் போட்டான். அன்று மதியம் அழுதுகொண்டேதான் சாப்பிட்டாள். ஆனால் இரண்டரை வருஷமாகப் பயந்து பயந்து தின்ற மீனை, அவன் சுகமாயிருக்கிறான் என்று தெரிந்தபின் அன்றைக்குத்தான் பயமில்லாமல் தின்றாள்.