திருநாவுக்கரசு கிராணியின் தங்க அட்டை

விமானக் கம்பெனியின் தங்க அட்டை வைத்திருப்பவர்கள் என்றால் கோட்டும் டையுமாக, கையில் பெட்டியோடு வேகமாக நடப்பவர்களாக இருப்பார்கள். திருநாவுக்கரசு அப்படி இல்லை. அரைக்கைச் சட்டை, கறுப்புச் செருப்பு, தோளில் மருமகன் வாங்கிக் கொடுத்த ஒரு நீலப் பை. நீலாய்க்கு உள்ளே தள்ளியிருந்த ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷம் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். விடியுமுன் ஆட்கள் கூடும் பிரட்டில் நின்று ஆள் கணக்கு எடுத்து, மத்தியானம் ரப்பர் பாலை எடை போட்டு, சாயங்காலம் ஆபீசைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற வாழ்க்கைதான் அவருக்குத் தெரியும். அந்தக் காலத்தில் கோலாலம்பூருக்குப் போவதே அவருக்குப் பெரிய பிரயாணம்.

ஓய்வு பெற்றதும் சிரம்பானில் தாமான் குடியிருப்பில் ஒரு வீடு வாங்கினார்கள். மூன்றாவது வருஷம் மனைவி நீலாவதி போய்விட்டாள். காரியங்கள் முடிந்த கையோடு லண்டனிலிருந்து வந்திருந்த மகன் சந்திரனும், பெர்த்திலிருந்து வந்திருந்த மகள் புஷ்பராணியும் உட்கார்ந்து பேசினார்கள். அப்பா தனியாக இருக்க வேண்டாம், வீட்டை விற்றுவிடலாம், அண்ணனிடம் கொஞ்ச நாள், தங்கையிடம் கொஞ்ச நாள் என்று முடிவாயிற்று. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இரண்டு பேரும் அப்பாவை விட்டுக்கொடுக்காமல் போட்டி போட்டுக்கொண்டுதான் பேசினார்கள். அவரும் தலையை ஆட்டினார். நீலாவதி இல்லாத வீட்டில் அன்றைக்கு அவருக்கு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

வந்தவர்கள் எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை ஆஸ்திரேலியாவில் ஒருவிதமாகவும் இங்கிலாந்தில் ஒருவிதமாகவும் வைத்திருந்தார்கள். அந்தக் கெடுப்படி அவர் ஆகாயத்தில் போவதும் வருவதுமாக இருந்தார். பெர்த்துக்கு ஒரு கம்பெனி விமானம், லண்டனுக்கு வேறொரு கம்பெனி. திடீரென்று இந்த இரண்டு கம்பெனிகளும் இன்னும் சில கம்பெனிகளும் ஒரே கூட்டணியில் சேர்ந்துவிட்டன. ஒன்றில் பறந்த மைலை மற்றதிலும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பார்களாம். சந்திரன் அதையெல்லாம் ஒன்றாகக் கூட்டி எழுதிப்போட, தபாலில் தங்க நிறத்தில் ஓர் அட்டை வந்தது.

அட்டை வந்த அன்று அவர் பெர்த்தில் இருந்தார். சந்திரன் போன் செய்தான். சாதாரணமாக அவன் "சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை எடுத்தீங்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறவன். அன்று அரை மணி நேரம் பேசினான். இனி அப்பா பெஞ்சில் உட்காரத் தேவையில்லை, ஏர்போர்ட்டில் லவுஞ்ச் என்று தனியாக ஒரு கூடம் இருக்கும், சோபா, சாப்பாடு, பேப்பர் எல்லாம் சும்மா, கூட்டணியில் எந்தக் கம்பெனி லவுஞ்சாக இருந்தாலும் விடுவார்கள். அதே நாளில் மேற்கொண்டு போகிற டிக்கெட் இருக்க வேண்டும், அது கூட்டணி விமானமாக இருக்க வேண்டும், கூட ஓர் ஆளை விருந்தாளியாகக் கூட்டிக்கொள்ளலாம், அந்த ஆளிடமும் டிக்கெட் இருக்க வேண்டும். மகன் இவ்வளவு ஆசையாகப் பேசிக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. புரிந்த விஷயத்தையும் புரியாத மாதிரி அவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

லண்டனில் காலை எட்டு மணிக்குள் வீடு காலியாகிவிடும். ஹீட்டர் சத்தமும் அவரும்தான். பெர்த்தில் புஷ்பராணி ஆஸ்பத்திரி நர்ஸ், பாதி நாள் ராத்திரி ஷிப்ட். அவள் புருஷன் வெள்ளைக்காரன், நல்ல மனிதன். மாமனாருக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி ஆங்கிலம் பேசுவான். துரைமார்களோடு காலமெல்லாம் ஆங்கிலத்தில் பழகிய திருநாவுக்கரசு அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். இரண்டு வீட்டிலும் அவருக்கு என்று ஓர் அறை இருந்தது. அவர் கிளம்பியதும் அதில் இஸ்திரிப் பலகை வந்துவிடும்.

நடுவில், விமானம் மாறுகிற அந்தச் சில மணி நேரம்தான் அவருக்கு மலேசியா. சிப்பாங்கில் புது ஏர்போர்ட் திறந்த பிறகு அந்த லவுஞ்சில் ஜன்னலோரமாக ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். கண்ணாடிக்கு அப்பால் ஓடுபாதை, அதற்கும் அப்பால் செம்பனை. அவர் வேலை பார்த்த தோட்டம் அங்கிருந்து காரில் அரை மணி நேரம்கூட இருக்காது. ஆனால் வெளியே போக அவருக்குத் தோன்றியதே இல்லை. போய் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

வாசல் மேஜையில் ரொஹானா என்று ஒரு மலாய்ப் பெண். அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, பெரியவர்களை அழைக்கும் மலாய் முறையில், "பாச்சிக், கூட விருந்தாளி யாராவது?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். கேட்க வேண்டியது அவள் வேலை. அவர் இல்லை என்பார். மலாய் பேசக் கிடைக்கிற சந்தோஷத்தில் இரண்டு வார்த்தை கூடுதலாகவே பேசுவார். அப்படி ஒருமுறை வீடு எங்கே என்று அவள் கேட்டாள். சிரம்பான் என்று அவர் வாயில் வந்துவிட்டது. வாசலில் மரம் உண்டா என்று கேட்டாள். ரம்புத்தான் இருக்கிறது என்றார். அடுத்த முறை வந்தபோது, இந்த வருஷம் காய்த்ததா என்று மறக்காமல் கேட்டாள். நன்றாகக் காய்த்தது, அணில்தான் பாதியைத் தின்றுவிட்டது என்றார். அந்த வீட்டில் அப்போது வேறு யாரோ குடியிருந்தார்கள். மரம் என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியாது.

தொண்ணூற்றொன்பதில் ஒரு நாள் காலை லண்டனிலிருந்து வந்து இறங்கினார். பெர்த் விமானம் ராத்திரிதான். வழக்கம்போல அட்டையை நீட்டினார். ரொஹானா சங்கடப்பட்டாள். கூட்டம் அதிகமாகிவிட்டது, விமானம் புறப்பட மூன்று மணி நேரம் இருக்கும்போதுதான் உள்ளே விட வேண்டும் என்று கூட்டணியில் புது விதி போட்டிருக்கிறார்கள் என்றாள். பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்து முகம் மலர்ந்தது. பாச்சிக்குக்கு என்ன கவலை, சிரம்பான் பக்கத்தில்தானே, வீட்டுக்குப் போய்க் குளித்து ஒரு தூக்கம் போட்டுவிட்டுச் சாயங்காலம் வரலாமே என்றாள்.

அவர் அங்கேயே எங்காவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஆனால் அவள் பார்க்கிற இடத்தில், சொந்த வீடு பக்கத்தில் இருக்கிற மனிதன் எப்படி நாள் முழுக்க பெஞ்சில் உட்காருவது? ஆமாம், அதுதான் சரி என்று சொல்லிவிட்டு நீலப் பையைத் தூக்கிக்கொண்டு இமிகிரேஷன் தாண்டி வெளியே வந்தார். வெயில் முகத்தில் அறைந்தது. டெக்சிக்காரர் எங்கே போகணும் என்று கேட்டபோது, ஏழாங்கட்டைத் தோட்டம் என்று சொன்னது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

தோட்டத்தில் கிராணி வீடு இல்லை. பால்மரங்கள் இருந்த இடத்தில் பாதி செம்பனை, பாதி புது வீடுகளுக்காக வெட்டிப் போட்ட செம்மண். தொழிலாளர் குடியிருந்த லயங்களைத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் தகரக் கூரையோடு நின்றது. கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், மண்டோர் வீரமுத்து குடும்பம் நீலாய் அடுக்குமாடிக்குப் போய் நாளாகிவிட்டது என்று வழி சொன்னாள்.

வீரமுத்துவும் அவரும் காலம் காலமாக ஒரே பிரட்டில் நின்றவர்கள். இவர் பேர் படிப்பார், மண்டோரான அவன் ஆட்களைப் பால் வெட்டும் தீம்பாருக்குப் பிரித்து அனுப்புவான். ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்தே அன்றைய நாள் எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்வார்கள். ஆனால் கிராணி லயத்து வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கம் தோட்டத்தில் கிடையாது. வீரமுத்து மகள் கல்யாணத்துக்குக்கூடப் பந்தலில் நின்றபடியே ஓர் ஆரஞ்சு போத்தலைக் குடித்துவிட்டு, மொய் எழுதிவிட்டு வந்தவர் அவர்.

மூன்றாவது மாடிக் கதவைத் திறந்தது வீரமுத்துவின் மனைவி பஞ்சாலை. ஒரு நிமிஷம் அடையாளம் தெரியாமல் பார்த்துவிட்டு, "கிராணி ஐயா" என்று சொல்லி முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். வீரமுத்து உள்ளேயிருந்து ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தான். வீட்டில் இருந்த நல்ல நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். அவர் உட்கார்ந்தார், வீரமுத்து நின்றான். உட்காருப்பா என்று இரண்டு தரம் சொன்ன பிறகுதான் கட்டில் விளிம்பில் பட்டும் படாமலும் உட்கார்ந்தான்.

"பசியாறிட்டீங்களா?" என்று பஞ்சாலை கேட்டாள். பிளேனில் கொடுத்தார்கள் என்றார். அவள் அதைக் காதில் வாங்காமல் அடுப்படிக்குப் போனாள். சார்டின் டின் திறந்து, புளி கரைத்துக் குழம்பு வைத்து, சுடுசோறும் அப்பளமும் போட்டாள். அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். அது வரைக்கும் இரண்டு பேருக்கும் கவலைதான், கிராணிக்கு இது ஒத்துக்கொள்ளுமா என்று. அதற்குப் பிறகு பேச்சு இளகியது. யார் யார் எங்கே போனார்கள், யார் யார் செத்தார்கள் என்று வீரமுத்து ஒவ்வொருவராகச் சொன்னான். நீலாவதி இறந்த செய்தி அவர்களுக்கு எட்டவே இல்லை. பஞ்சாலை சட்டென்று அழுதாள். லண்டனிலும் பெர்த்திலும் நீலாவதியின் பெயரை எடுத்தால் பேச்சு மாறிவிடும். தனக்கு முன்னால் ஒருத்தி அவளுக்காக உட்கார்ந்து அழுவதைத் திருநாவுக்கரசு பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடத்தில் பாய் விரித்து, மேலே மெத்தை போட்டுக் கொடுத்தார்கள். படுத்தவர் அப்படியே தூங்கிப்போனார். எழுந்தபோது விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, கீழே யாரோ தமிழில் பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கே இருக்கிறோம் என்று யோசிக்காமல் கண் விழித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தார்.

தேத்தண்ணி குடிக்கும்போது மெதுவாகச் சொன்னார். "பிளேன் இன்னிக்கே பிடிக்கணும்னு கட்டாயம் இல்ல, வீரமுத்து. ஒரு போன் போட்டா நாளைக்கு மாத்திக்கலாம்."

வீரமுத்து பதறிப்போனான். "எங்களுக்காகப் பார்த்துப் பிளேன விட்டுடாதீங்க கிராணி ஐயா. அங்க பிள்ளைங்க வழி பார்க்கும்லா. நான் அடுத்த வீட்டுல கார் சொல்லி வெச்சிட்டேன்."

இருந்துவிட்டுப் போங்கள் என்று அவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இருந்திருப்பார். கிராணியை இந்த வீட்டில் ராத்திரி தங்கச் சொல்வது மரியாதையாகுமா என்று அவர்கள் கூசினார்கள். வெளிப்படையாகக் கேட்க அவருக்கும் வாய் வரவில்லை. மண்டோர் வேலை பார்த்தவனுக்கு நேரம் தவறக் கூடாது. வேண்டியதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே அவரைக் காரில் ஏற்றிவிட்டான்.

காலை இழுத்துக்கொண்டே வீரமுத்துவும் ஏர்போர்ட்டுக்கு வந்தான். இவ்வளவு பெரிய இடத்தில் இவ்வளவு நேரம் எங்கே உட்காருவீர்கள் என்று கேட்டான். உள்ளே எனக்கு ஓர் இடம் இருக்கிறது, கூட ஓர் ஆளைக் கூட்டிப் போகலாம் என்றார் திருநாவுக்கரசு. வீரமுத்து ஆவலோடு பார்த்தான். அந்த ஆளிடமும் பிளேன் டிக்கெட் இருக்க வேண்டும் என்று சொன்னபோது, அது சரி, அப்படித்தானே வைப்பான் என்று சிரித்தான். தடுப்பு வரைக்கும் பையைத் தூக்கிவந்து கொடுத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான்.

லவுஞ்ச் வாசலில் ரொஹானா காத்திருந்த மாதிரி கேட்டாள், வீடு எப்படி இருக்கிறது, மரம் எப்படி இருக்கிறது என்று.

"அந்த வீட்டை விற்று மூன்று வருஷமாகிறது," என்றார் அவர் மலாயில். "எனக்கு இங்கே வீடு இல்லை."

அவள் அட்டையை இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தாள். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் தன் அட்டையை நீட்டினார். திருநாவுக்கரசு உள்ளே போய் உட்கார்ந்தார். சோபாக்களில் நிறைய பேர் இருந்தார்கள், எல்லாரும் தனித்தனியாக. அன்று அவர் எதையும் எடுத்துச் சாப்பிடவில்லை.

பெர்த்துக்குப் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் கழித்து மகளிடம் சொன்னார், நான் ஊருக்கே போய்விடுகிறேன் என்று. அவள் அழுதாள், நாங்கள் என்ன குறை வைத்தோம் என்று கேட்டாள். குறை ஒன்றும் இல்லை என்றார், அது உண்மைதான். சந்திரன் போனில் சத்தமாகப் பேசினான். தனியாக விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்றான். கடைசியில் வேறு வாதம் கிடைக்காமல், வருஷத்துக்கு இத்தனை மைல் பறக்காவிட்டால் தங்க அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள் அப்பா, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றான். பிடுங்கட்டும் சந்திரா என்றார் அவர்.

சிரம்பான் லோபாக்கில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே அறை எடுத்தார். ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, பின்பக்கம் துணி காயப்போடக் கொஞ்சம் இடம். பழக்கத்தில் பிரட்டு நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும். விடிகிற வரைக்கும் செய்ய ஒன்றும் இருக்காது. சாயங்காலம் கடை மூடி ஷட்டர் இறங்குகிற சத்தம் கேட்டதும் மனசு கீழே இறங்கும். பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு போன் செய்தார்கள். தனிமை தீர்ந்துவிட்டதா என்று யாராவது கேட்டால் அவர் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி நீலாய்க்குப் போவார். வீரமுத்து எழுந்து நிற்பதை நிறுத்தவில்லை. ஆனால் சொல்ல வேண்டியிராமல் தானே உட்கார்ந்துகொள்வான். ஒரு ஞாயிறு மழை விடாமல் கொட்டியது. பஞ்சாலை சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டே, இந்த மழையில் எங்கே போவது, படுத்திருந்துவிட்டுக் காலையில் போங்களேன் என்றாள். அன்றைக்குக் கேட்க ஏங்கிய வார்த்தை. ஆனால் அறையில் ஜன்னலைத் திறந்துபோட்டு வந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. கட்டில் நனைந்திருக்கும்.

"இல்லம்மா, வீட்டுக்குப் போகணும்," என்றார்.

குடையை வாங்கிக்கொண்டு படியிறங்கினார். ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார இடம் கிடைத்தது. சிரம்பானில் இறங்கி நடந்து வருவதற்குள் கால்சட்டை முழங்கால் வரை நனைந்துவிட்டது. மாடியேறி விளக்கைப் போட்டார். தலையணைப் பக்கம் மட்டும்தான் ஈரம். மெத்தையைச் சுவரோரமாகத் திருப்பிப் போட்டுவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து ஒரு டம்ளர் தண்ணீரை ஏற்றினார்.