மணி அடித்தால் எழுந்திருக்கக் கூடாது

அழகுமீனாவுக்கு விமானம் ஓட்டத் தெரியும் என்பதை விஸ்வநத்தத்தில் யாரும் நம்பாமல் இல்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. ஒரு முறை பட்டாசு ஆலையில் ஜெனரேட்டர் நின்றுபோனபோது முதலாளி சீனிச்சாமி அவளைத்தான் கூப்பிட்டார். ஏரோப்ளேனையே ஓட்டினவளுக்கு இது எம்மாத்திரம் என்றார். டீசல் தீர்ந்திருப்பதை அவள் கண்டுபிடித்துச் சொன்னாள். அன்றிலிருந்து அவளுக்கு மரியாதை கூடிவிட்டது.

அவள் அந்த ஆலையில் ஃபோர்மேன். பெண்ணாக இருந்தாலும் அந்த வேலைக்கு அங்கே அதுதான் பெயர். ஊர் ஆமத்தூர். அப்பா செல்லப்பாண்டி பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவர். மகள் விமானம் ஓட்டப் படிக்க வேண்டும் என்றபோது ரோட்டோரக் கரிசலை விற்றார். அவளும் படித்து முடித்து மூன்று வருடம் போயிங்கில் துணை விமானியின் வலது இருக்கையில் உட்கார்ந்து ஊர் ஊராகப் பறந்தாள். அந்த நாட்களில் வயலுக்கு மேலே எந்த விமானம் போனாலும் செல்லப்பாண்டி மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு அண்ணாந்து பார்ப்பார். பக்கத்து வயல்காரர், உம்ம மகளா, என்று கேட்பார். இருக்கும், என்பார்.

ஒரு புதன்கிழமை அந்த விமானக் கம்பெனியை மூடிவிட்டார்கள். அடுத்த வருடம் கொரோனா வந்து எல்லாக் கம்பெனி விமானங்களும் தரையில் நின்றன. ஆறு மாதத்துக்குத்தானே என்று அவள் சிவகாசியில் ஃபோர்மேன் பயிற்சி முடித்து, தேர்வெழுதி, சீனிச்சாமியின் ஆலையில் சேர்ந்தாள். ஆறாவது தீபாவளி வரப்போகிறது. செல்லப்பாண்டி அண்ணாந்து பார்ப்பதை நிறுத்தி வெகுநாளாகிவிட்டது.

உரிமத்தை மட்டும் அவள் விடாமல் புதுப்பித்து வந்தாள். விண்ணப்பம் போடுவதையும் விடவில்லை. விண்ணப்பத்தில் கடைசியாக விமானம் ஓட்டிய தேதி என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பி அனுப்பிவிட்டு டீயை ஆற்றி முதல் வாய் குடிப்பதற்குள் பதில் வந்துவிடும். வருந்துகிறோம். யாரும் படித்துப் பார்த்து வருந்தியிருக்க நேரமில்லை. டீ ஆறுவதற்குள் வருந்துகிற எந்திரம் ஒன்றை எல்லாக் கம்பெனிகளும் வாங்கிவிட்டன என்று அவள் ஆலையில் கூட வேலை பார்க்கும் ரோஜாவிடம் சொன்னாள்.

ஆடி மாதம் ஒரு கம்பெனி வருந்தவில்லை. புது விமானங்கள் வருகின்றன, ஆட்கள் போதவில்லை. ஆறு வாரம் கழித்து பெங்களூருக்கு வா, சிமுலேட்டரில் உட்காரவைத்துப் பார்க்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். சிமுலேட்டர் என்பது விமானத்தின் முன்னறையை மட்டும் அப்படியே செய்து தரையில் நிறுத்தியிருப்பது. அது குலுங்கும், சாயும். ஜன்னலில் வானமும் ஓடுபாதையும் தெரியும். அதில் தேறினால் வேலை. தவறினால் ஒரு வருடத்துக்கு அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. அழகுமீனாவுக்கு முப்பத்தைந்து வயது. அடுத்த வருடமும் அந்தக் கட்டத்தில் அதே பழைய தேதியைத்தான் எழுத வேண்டியிருக்கும். அப்போது எந்திரம் டீ ஆறும்வரைகூடக் காத்திருக்காது.

வீட்டில் பழகிப் பார்க்க அவளுக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. உடன் படித்த காளிராஜ் சிவகாசியில் ஆப்செட் பிரஸ் வைத்திருந்தான். விமானத்தின் முன்பலகையை நிஜ அளவில் அச்சடித்துத் தரச் சொன்னாள். காலண்டர் சீசன். இரண்டு ஆர்டருக்கு நடுவில் ஓட்டிக் கொடுத்தான். பிரித்துப் பார்த்தால், மேலே தகரப்பட்டி அடித்துத் தொங்கவிடக் கொக்கி மாட்டியிருந்தது. கீழே கடை பெயர் போட நான்கு விரல் இடம் காலியாக விட்டிருந்தது. பைண்டிங் ஆட்களுக்குக் கை அப்படித்தான் போகும் என்றான் காளிராஜ். கொக்கி இருந்தது நல்லதாகப் போயிற்று. சுவரில் மாட்டி, முன்னால் நாற்காலியைப் போட்டால் போயிங்.

கேப்டன் உட்காரும் இடது நாற்காலிக்கு ரோஜா வந்தாள். ஆலையில் பெட்டி அடைக்கிற பிரிவில் வேலை. அழகுமீனாவைவிட இரண்டு வயது இளையவள். வேலை நேரத்தில் மேடம், வெளியே வந்தால் அக்கா. பிளஸ் டூ வரை படித்தவள். இங்கிலீஷை எழுத்துக்கூட்டி, ஆனால் பயமில்லாமல் வாசிப்பாள். சாயங்காலம் ஸ்கூட்டியில் ஆமத்தூர் வந்து, சரிபார்க்கும் பட்டியலை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிப்பாள். அழகுமீனா காகிதத்தில் அந்தந்தப் பொத்தானைத் தொட்டு பதில் சொல்வாள். நான்காம் நாள் ரோஜா பட்டியலைப் பார்க்காமலே சொன்னாள். பறக்கும்போது என்ஜினில் தீப்பிடித்தால் மணி அடிக்குமாமே, அதைச் செய்து பார்ப்போம் என்று அவள்தான் சொன்னாள். பித்தளைத் தட்டையும் கரண்டியையும் எடுத்து வைத்துக்கொண்டு, எதிர்பாராத நேரத்தில் ஓங்கி அடித்தாள்.

அடுத்த கணம் அழகுமீனா வெளியே முருங்கை மரத்தடியில் நின்றாள். நாற்காலி கவிழ்ந்து கிடந்தது.

"என்னக்கா, அங்கன போயி நிக்கீக?" என்றாள் ரோஜா. "பிளேன் இங்கன இருக்கு."

ஆறு வருடப் பழக்கம் அது. பட்டாசு ஆலையில் ஒரே சட்டம். மணி கேட்டாலும் புகையைப் பார்த்தாலும் கையில் இருப்பதை விட்டுவிட்டு ஓடு. அணைக்க நிற்காதே. செருப்பைத் தேடாதே. திரும்பி உள்ளே போகாதே, யாருக்காகவும் போகாதே. ஒவ்வொரு அறைக்கும் எதிரெதிரே கதவு வைத்து, வாசலில் ஒரு வாளிகூட வைக்க விடாமல் பார்த்துக்கொண்டவள் அவள். மாதம் ஒரு முறை ஒத்திகை மணி அடித்து, கடிகாரத்தைப் பார்த்து, ஓடத் தாமதித்தவர்களை வேப்பமரத்தடியில் நிறுத்திவைத்துத் திட்டுகிறவளும் அவள்தான்.

விமானத்தில் சட்டம் நேர்மாறு. தரையை விட்டு எழும்புகிற நேரத்தில் தீமணி அடித்தால், நானூறு அடி ஏறுகிறவரை எதையும் தொடக் கூடாது. பறப்பதை மட்டும் பார்க்க வேண்டும். பத்து எண்ணுகிற நேரம். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். முன்பு இது அவளுக்கு மூச்சு விடுவதுபோல வந்துகொண்டிருந்தது.

அதன்பின் பாடம் அது ஒன்றுதான் என்று ஆயிற்று. ரோஜா தட்டை அடிப்பாள். எந்திரிக்காதீக, எந்திரிக்காதீக என்று சொல்லிக்கொண்டே பத்து எண்ணுவாள். முதல் வாரம் முருங்கை மரம். இரண்டாம் வாரம் வாசற்படி. மூன்றாம் வாரக் கடைசியில் அழகுமீனா நாற்காலியிலேயே இருந்தாள். ரோஜா தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினாள்.

அடுத்த திங்கட்கிழமை சீனிச்சாமி ஃபோர்மேனுக்குச் சொல்லாமலே ஒத்திகை மணியை அடிக்கச் சொன்னார். சொல்லிவைத்து அடித்தால் என்ன ஒத்திகை என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அறுபத்து மூன்று பேர் வேப்பமரத்தடிக்கு வந்து சேர வேண்டும். அய்யம்மாள் ஆள் எண்ணினாள். அங்கே வயதில் மூத்தவள் அவள். ஒத்திகை என்றால் எண்ணுவது அவள் பொறுப்பு.

"அறுவத்தியொண்ணு," என்றாள். "ரெண்டு ஆளு கொறையுது."

அழகுமீனா பெட்டி அடைக்கும் அறையில், பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நான்கு, ஐந்து என்று உதடு அசைந்துகொண்டிருந்தது. ரோஜா எல்லோரோடும் வெளியே ஓடி, திரும்பிப் பார்த்து, மறுபடி உள்ளே வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

இருவரும் மரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது பெரிய சிரிப்பு எழுந்தது. தாமதித்தவர்களைத் திட்டுகிற மேடத்தை யார் திட்டுவது என்று ஒருத்தி கேட்டாள். ஏரோப்ளேன் கிளம்ப லேட்டாகிவிட்டது என்றார் கேட்டிலிருந்து வந்த வாட்ச்மேன் வெள்ளைத்துரை. அழகுமீனாவும் சிரித்தாள். அய்யம்மாள் சிரிக்கவில்லை.

"இன்னைக்குப் பொய் மணி," என்றாள் அவள். "நெச மணின்னாலும் ரோசா உள்ள போயிருப்பா."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவரவர் அறைக்குத் திரும்பினார்கள். வாசலில் உடம்பின் மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு ஒவ்வொருவராக உள்ளே போவதை அழகுமீனா பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு உடம்புக்கு இரண்டு மணி சொல்லிக்கொடுக்க முடியாது. முதலில் மறக்கப்போவது எது என்று அவளுக்கே தெரியாது.

அன்று சாயங்காலமே சீனிச்சாமியிடம் போய், நாளையிலிருந்து வரவில்லை என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். சீசன் உச்சத்தில் இருக்கிறது, லோடு நிற்கிறது, ஃபோர்மேன் இல்லாமல் ஒரு நாள்கூட அறையைத் திறக்க முடியாது, நாளைக்கே வேறு ஆள் போட வேண்டும் என்றார். போடுங்கள் என்றாள்.

"ஆளப் போட்டா போட்டதுதான்," என்றார் சீனிச்சாமி. "தோத்துட்டு வந்து நின்னேன்னு வையி, ஒனக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்."

"தெரியும் மொதலாளி."

"தீ மணி அடிச்சா பிளேன்ல உக்காந்தே இருக்கணுமாக்கும்?"

"ஆமா."

"என்னத்துக்கு?"

"வெளிய ஓட எடமில்ல மொதலாளி."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார். அதுவும் சரிதான் என்றார். ஸ்டோரில் பழைய மணி ஒன்று கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போ, தட்டிலும் கரண்டியிலும் பழகி என்ன செய்வது என்றார்.

மீதி மூன்று வாரமும் ஆமத்தூரில் அந்த மணி அடித்தது. ரோஜா வராத நேரத்தில் செல்லப்பாண்டி அந்த வேலையை எடுத்துக்கொண்டார். அவருக்கு நேரம் காலம் கிடையாது. அவள் குழம்பு ஊற்றிக்கொள்ளும்போது அடித்தார். ஃபோனில் பேசும்போது அடித்தார். முதல் அடிக்கே ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு சிவகாசி ரோட்டில் ஓடியது. ஆட்டைப் பிடிக்க அம்மா ராக்காயி ஓடினாள். அழகுமீனா சோற்றுக் கையோடு உட்கார்ந்து, பத்து எண்ணிவிட்டு, சாப்பிட்டாள். என்ன விரதம் இது என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். வேலை கிடைப்பதற்கு என்று ராக்காயி சொன்னாள். எந்தச் சாமிக்கு என்று கேட்டதற்கு ஆட்டைக் கட்டப் போய்விட்டாள்.

பெங்களூருக்கு அவள் தன் பெட்டியை எடுத்துப் போகவில்லை. அதில் ஆறு வருடப் பட்டாசு மருந்து வாசம். மதுரை விமான நிலையத்துச் சோதனையில் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கல்யாணத்துக்கு வாங்கி ஒரு முறைகூடத் திறக்காத அத்தை மகளின் பெட்டியை இரவல் வாங்கிக்கொண்டாள்.

சோதிக்க வந்தவர் கேப்டன் சீனிவாசகம் என்று ஒரு நரைத்த மனிதர். இங்கிலீஷில்தான் பேசினார். சிமுலேட்டருக்குள் நுழையும்போது அழகுமீனா வாசலில் நின்று, ஆலைப் பழக்கத்தில் பக்கத்துக் கைப்பிடிக் கம்பியில் உள்ளங்கையை வைத்தாள். என்ன செய்கிறாய் என்றார் கேப்டன். ஒன்றுமில்லை என்று உட்கார்ந்தாள். இருக்கை இடுப்பைப் பிடித்தது. முன்பலகையில் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. கொக்கி மட்டும் இல்லை.

விமானம் ஓடியது. வேகம் ஏறி, மூக்கைத் தூக்கி, தரை விலகிய கணத்தில் மணி அடித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. ஆலை மணியைவிட மெல்லிய மணிதான். ஆனாலும் இடது குதிகால் தரையை உந்தத் தயாராவதை அவள் உணர்ந்தாள். தொடை இறுகியது. வார் இடுப்பில் அழுந்தியது.

"எந்திரிக்காதீக," என்றாள் அழகுமீனா.

தொடை தளர்ந்தது. மூக்கு அசையவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பத்து எண்ணினாள். நானூறு அடி. அதன்பின் தீக்கான பட்டியலைக் கேட்டாள். பக்கத்து இருக்கையில் துணைக்கு உட்கார்ந்திருந்த விமானி மணியை நிறுத்தி, என்ஜினை மூடி, தீயை அணைத்தார். ஒற்றை என்ஜினில் ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள். கொஞ்சம் பொத்தென்று இறங்கியது.

விளக்கைப் போட்டுவிட்டு கேப்டன் தம் குறிப்பைப் பார்த்தார். இறக்கியதில் இரண்டு குறை சொன்னார். தீயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டுத் தமிழில் கேட்டார்.

"மைக்ல கேட்டுச்சு. யாரு தாயி எந்திரிக்கப் போனது?"

"நாந்தான் சார்."

"எந்தப் பக்கம்?"

"விருதுநகர். ஆமத்தூர்."

ஆறு வருடம் என்ன செய்தாய் என்று அவர் விண்ணப்பத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, அவளைப் பார்த்துக் கேட்டார். வேப்பமரம், அறுபத்தொன்று, முருங்கை மரம் எல்லாவற்றையும் சொன்னாள். ஆடு ஓடியதைச் சொன்னபோது அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

பதில் ஒன்பது நாள் கழித்து வந்தது. அதில் யாரும் வருந்தவில்லை. அன்று போட்ட டீ குடிக்காமலே ஆறிப்போயிற்று. செல்லப்பாண்டி கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு வாசலுக்குப் போய், ஒரு விமானமும் இல்லாத வானத்தைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.

மணியைத் திருப்பிக் கொடுக்க அவள் விஸ்வநத்தம் போனாள். உள்ளே வந்து எல்லோருக்கும் மிட்டாய் கொடுங்கள் மேடம் என்று வெள்ளைத்துரை கேட்டைத் திறந்தார். அவள் வரவில்லை என்றாள். வெளியே புளியமர நிழலில் ஸ்கூட்டியை நிறுத்தி, அதன்மேலேயே மிட்டாய்ப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே ஒத்திகை மணி அடித்தது. புது ஃபோர்மேன் மாரிசாமி கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ரோஜா முதல் ஆளாக ஓடி வந்தாள். கம்பி வேலிக்கு அப்பால் ஸ்கூட்டியில் இருக்கிறவளைப் பார்த்தாள். நிற்கவில்லை. மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கையை ஆட்டினாள்.

அழகுமீனா இருந்த இடத்திலேயே இருந்தாள். பத்து எண்ணி முடித்தபோது, வேலிக்குள்ளே அய்யம்மாள் அறுபத்து மூன்று என்றாள்.