லைட் எங்கே?

நடந்தவை வரிசைப்படி:

1. அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, இன்னொருவருடைய பாஸ்போர்ட்டில் லண்டன் வந்து விமான நிலையத்திலேயே பிடிபட்டார்.
2. "பொறு எண்டு சொன்னனான், கேட்டவனே? இனி அவன்ர முகத்தில முழிக்கமாட்டன்" என்றார் அம்மா.
3. தடுப்பு முகாமுக்கு வாராவாரம் போகும் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி, மாமாவைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று கடிதங்கள் எழுதினார். அவர் குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்.
4. அவருக்கு நன்றி சொல்ல ஒரு ஞாயிறு அவர்களுடைய ஆராதனைக்குப் போனோம். எட்டு வயதில் நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்த எங்கள் பங்குக் கோயிலில் சனி மாலைப் பூசையைக் கண்டுவிட்டுத்தான் அம்மா புறப்பட்டார். ஒரு காப்புக்காக.

அங்கே பீடமில்லை, சுரூபமில்லை, குருவானவர் இல்லை. வட்டமாகப் போட்ட கதிரைகளில் ஒரு மணி நேரம் எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். எங்கள் கோயில்களில் நற்கருணைப் பேழை அருகே ஒரு சின்ன விளக்கு எரியும். அது எரிந்தால் ஆண்டவர் உள்ளே இருக்கிறார். அதன் முன் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி எழும்புவோம். தேநீர் நேரத்தில் அம்மா காதுக்குள் சொன்னார்:

"விளக்கைக் காணேல்லை. எங்க வச்சிருக்கினம் எண்டு கேள்."

நான் ஆங்கிலத்தில், "லைட் எங்கே?" என்று கேட்டேன். விளக்குக்கும் ஒளிக்கும் எனக்கு ஒரே சொல்தான் தெரியும்.

மூதாட்டி கோப்பையைக் கீழே வைத்தார். தங்கள் முன்னோரும் இதையே தேடினார்கள் என்றார். உலகத்துக்கு வரும் ஒவ்வொரு மனிதனுக்கும் ஒளி கொடுப்பவர் கிறிஸ்து என்று யோவான் எழுதியதையும், கிறிஸ்து தனக்குள் வாழ்கிறார் என்று பவுல் சொன்னதையும் அவர்கள் அப்படியே நம்பினார்களாம். அதனால் பீடம் வேண்டியிருக்கவில்லையாம்.

நான் சுருக்கினேன். "ஆக்களுக்கு உள்ளயாம், அம்மா."

"ஆருக்கு உள்ள?"

"எல்லாருக்கும். மாமாவுக்குள்ளயும் இருக்காம். அதுதான் இவ அங்க போறவவாம்."

"அவன் பூசைக்கே போறேல்லை" என்றார் அம்மா.

அடுத்த கிழமை முகாமுக்குப் போனோம். மாமா மெலிந்த முகத்தோடு வந்து நின்றார். அம்மா அவரைப் பார்த்தார். ஒரு முழங்கால் தரையில் பட, குனிந்து எழும்பினார்.

"அக்கா, என்ன விழுந்திட்டுது?" என்று மாமா கதிரைக்கு அடியில் தேடினார். நானும் தேடினேன்.

பிறகு மாமாவுக்கு இந்த நாட்டில் இருக்க அனுமதி கிடைத்தது. இப்போது லண்டனிலேயே, ரெய்னர்ஸ் லேனில் இருக்கிறார். அன்று ஒன்றும் விழவில்லை என்று நான் இதுவரை அவரிடம் சொல்லவில்லை.